ஐரிஷ் உச்சரிப்பை எழுத்தில் அனுப்புதல்: ஒலிக்குறிகளும் விசைப்பலகையும்

அயர்லாந்தில் வாழும் நம்மவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் பாடசாலை நாட்களின் மாலை வேளையில் ஒரு கேள்வி அடிக்கடி வந்து விழும்: "இந்தச் சொல்லை எப்படி வாசிக்கிறது?" பிள்ளையின் ஐரிஷ் மொழிப் பாடப்புத்தகப் பக்கமொன்றின் படமும் கூடவே வரும். ஒருவர் ஆங்கில எழுத்தில் ஒரு விடை எழுதுவார். இன்னொருவர் தமிழ் எழுத்தில் வேறொன்று எழுதுவார். இரண்டையும் பார்த்த தாய்க்கு முன்பிருந்ததைவிடக் குழப்பம் கூடும். காதால் கேட்டால் ஒரு நொடியில் தீரும் விடயம், எழுத்தில் அனுப்பும்போது சிக்கலாகிறது.

ஐரிஷ் ஒலிப்பைச் செய்தியில் எழுதுவதற்கு உள்ள வழிகள், அவற்றின் வரலாறு, விசைப்பலகையில் தட்டும் முறை, அனுப்பும் வழியில் எவை கெடுகின்றன என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம். உரோமன் எழுத்துகளை அவற்றின் ஆங்கிலப் பெயராலேயே (பி, சி, எச், எஸ் என்று) குறிப்பிடுகிறோம். தமிழ் எழுத்தில் தரும் ஐரிஷ் ஒலிப்புகள் அண்ணளவானவை. அவை ஏன் அண்ணளவாகவே இருக்க முடியும் என்பதையும் பின்னர் பார்ப்போம்.

ஏன் இது முக்கியம்

1937 ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்படி அயர்லாந்தின் முதலாவது அரச கரும மொழி ஐரிஷ். ஆங்கிலம் இரண்டாவது. 2007 சனவரி முதல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றாகவும் இருக்கிறது. 2022 குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 18 இலட்சத்து 74 ஆயிரம் பேர் தமக்கு ஐரிஷ் பேச முடியும் என்றார்கள். ஆனால் பாடசாலைக்கு வெளியே அதை நாளாந்தம் பேசுவோர் ஏறத்தாழ 72 ஆயிரம் பேர் மட்டுமே. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம் நமக்கு ஒன்றைச் சொல்கிறது: பெரும்பாலான பிள்ளைகள் இந்த மொழியை வீட்டிலோ வீதியிலோ கேட்பதில்லை, புத்தகத்திலிருந்தே கற்கிறார்கள். அயல்வீட்டு ஐரிஷ் குடும்பத்திலும் பல இடங்களில் நிலைமை அதுதான். ஆகவே உதவி கேட்க ஆளில்லாமல் தவிப்பவர்கள் தமிழ்ப் பெற்றோர் மட்டுமல்லர்.

அயர்லாந்தில் பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கு ஐரிஷ் வழக்கமாக ஒரு பாடம். சிலருக்கு விலக்கு உண்டு. இளவயதிலேயே அங்கு படிக்கத் தொடங்கும் நமது பிள்ளைகள் பெரும்பாலும் அதைக் கற்கிறார்கள். பள்ளிப்படிப்பு முடிவில் எழுதும் லீவிங் சேர்ட்டிபிக்கற் தேர்வில் ஐரிஷ் பாடத்தின் மொத்தப் புள்ளிகளில் 40 சதவீதம் வாய்மொழித் தேர்வுக்கு உரியது. உச்சரிப்பு சரியாக வராத பிள்ளைக்கு அங்கேயே இழப்புத் தொடங்கிவிடும்.

பெயர்களையும் மறந்துவிடக் கூடாது. பிள்ளையின் வகுப்பில் நீவ், ஷிவோன், ஈஃபா, கீவ என்று தோழிகள் இருப்பார்கள். எழுத்தைப் பார்த்தால் இந்த ஒலிகள் வரவே வரா. நமது பிள்ளையின் பெயரை ஆசிரியர் திருத்தமாகச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிற நாம், தோழியின் பெயரையும் திருத்தமாகச் சொல்லக் கற்பது முறை.

எழுத்துக்குள் ஓர் ஒழுங்கு

ஐரிஷ் எழுத்துக்கூட்டலைப் பார்த்து, ஒலிக்கும் எழுத்துக்கும் தொடர்பேயில்லை என்று பலர் சலித்துக்கொள்வார்கள். உண்மையில் ஆங்கிலத்தைவிட அது ஒழுங்கானது. மரபான ஐரிஷ் நெடுங்கணக்கில் 18 எழுத்துகள்தான். ஆனால் மெய்யொலிகள் பெரும்பாலும் இரட்டையாக இருக்கின்றன: ஒன்று அகன்ற மெய், மற்றது ஒடுங்கிய மெய். அகன்ற மெய்யில் நாவின் பின்பகுதி மேலெழும். ஒடுங்கிய மெய்யில் நாவின் நடுப்பகுதி அண்ணத்தை நோக்கி எழுந்து, ஒரு மெல்லிய 'ய்' கலந்ததுபோல ஒலிக்கும்.

'போ' என்று அகன்ற பி-யுடன் சொன்னால் பசு. 'ப்யோ' என்பதுபோல ஒடுங்கிய பி-யுடன் சொன்னால் உயிரோடு இருத்தல். 'கத்' என்றால் ஒரு பூனை. இறுதி மெய்யை ஒடுக்கி 'கத்ய்' என்றால் பல பூனைகள். ஒருமை பன்மை வேறுபாடே இறுதி மெய்யின் தன்மையில் தங்கியிருக்கிறது. ஆகவே ஒலிப்பை எழுதிக் காட்டும் எந்த முறையும் இந்த வேறுபாட்டைக் காட்டியே ஆகவேண்டும். காட்டாவிட்டால் பொருள் மாறிவிடும்.

இந்த இரட்டை மெய்களை 18 எழுத்துகளால் எப்படி எழுதுகிறார்கள்? அருகிலுள்ள உயிரெழுத்தை வைத்துத்தான். ஏ, ஓ, யூ ஆகிய எழுத்துகள் பக்கத்தில் நின்றால் மெய் அகன்றது. ஈ, ஐ நின்றால் ஒடுங்கியது. ஒரு சொல்லில் பல உயிரெழுத்துகள் வரிசையாக நிற்பதன் காரணம் இதுவே. அவற்றில் சில வாசிப்பதற்கானவை அல்ல, பக்கத்து மெய்யைப் பற்றித் தகவல் சொல்ல நிற்பவை. இதை அறியாமல் எல்லா எழுத்தையும் உச்சரிக்கப் போனால் தடுமாற்றந்தான்.

சொல்லின் முதலெழுத்து மாறுவது அடுத்த சிக்கல். பூனை 'கத்'. 'என் பூனை' என்னும்போது முதல் க் தொண்டையில் உரசும் ஒலியாகும். 'எங்கள் பூனை' என்னும்போது அது ஆங்கில ஜி-யின் வன்மையான ஒலியாகும். முதலாவது மாற்றத்தை மென்மையாக்கம் என்றும், இரண்டாவதை மறைப்பு என்றும் சொல்லலாம். ஐரிஷில் அவற்றின் பெயர்கள் 'ஷேவூ', 'உரூ'. வரலாற்றில் முதலாவது மாற்றம் மெய்யானது இரண்டு உயிர்களுக்கிடையே நின்றதால் வந்தது. இரண்டாவது, முன்னால் ஒரு மூக்கொலி நின்றதால் வந்தது.

தமிழ்க் காதுக்கு இது புதியதல்ல. 'கல்' என்னும்போது வல்லொலி, 'தங்கம்' என்னும்போது ங் அருகில் நிற்பதால் குரலொலி, 'மகன்' என்னும்போது இரு உயிர்களுக்கிடையே உரசொலி. மூன்றுக்கும் நாம் எழுதுவது ஒரே க தான். இடத்தை வைத்து வாய் தானாக மாற்றிக்கொள்கிறது. ஐரிஷில் அந்த மூக்கொலிகளும் உயிர்களும் காலப்போக்கில் உதிர்ந்துவிட, அவை விட்டுச்சென்ற மாற்றம் மட்டும் எஞ்சியது. அதனால் அதை எழுத்தில் காட்ட வேண்டியதாயிற்று.

எழுத்தில் காட்டிய விதத்துக்கும் ஒரு கதை உண்டு. பழைய கேலிக் அச்செழுத்தில், மென்மையான மெய்யின் தலைமேல் ஒரு புள்ளி இடுவார்கள். தமிழில் புள்ளி உயிரை நீக்குகிறது. ஐரிஷில் புள்ளி மெய்யை இளக்கியது. 20 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழக்கமான உரோமன் அச்செழுத்துக்கு மாறியபோது, அந்தப் புள்ளியின் இடத்தில் எச் வந்து நின்றது. பெயர்களில் பி-எச், எம்-எச், டி-எச் என்று நிரம்பிக் கிடக்கும் எச்-கள் பெரும்பாலும் அந்தப் பழைய புள்ளிகளே. பி-எச், எம்-எச் இரண்டும் 'வ்' வகை ஒலி. 'ஷிவோன்' என்ற பெயரின் நடுவிலும் 'நீவ்' என்ற பெயரின் இறுதியிலும் வரும் 'வ்' இப்படி வந்ததே.

மூன்றாவது, எழுதப்படாத ஓர் உயிர். நீல நிறத்துக்கான சொல்லில் ஆர், எம் அடுத்தடுத்து நிற்கும். வாசிக்கும்போது நடுவே ஒரு சிறிய 'அ' நுழைந்து 'கொரம்' என்பதுபோல ஒலிக்கும். (முதல் ஒலி ஆங்கில ஜி.) இந்தப் பழக்கம் அங்குள்ள ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டது. திரைப்படத்துக்கான ஆங்கிலச் சொல்லைப் பல ஐரிஷ்காரர் 'ஃபிலம்' என்பார்கள். நாமும் 'பிலிம்' என்று நடுவே ஓர் உயிரைச் சொருகுகிறவர்கள்தானே.

எந்த வட்டாரத்தின் ஒலி?

ஐரிஷில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே பேச்சு வழக்கு இல்லை. தெற்கே மன்ஸ்டர், மேற்கே கொனாக்ட், வடக்கே அல்ஸ்டர் என மூன்று பெரும் வட்டார வழக்குகள் உள்ளன. 1958 இல் வெளியான அரச நியமம் எழுத்துக்கூட்டலையும் இலக்கணத்தையும் வகுத்தது. ஒலிப்பை அது விதிக்கவில்லை. 1986 இல் வெளிவந்த ஒரு சிறு அகராதியில் மூன்று வழக்குகளுக்கும் நடுவான ஓர் ஒலிப்பு முறை முன்வைக்கப்பட்டது. ஆனால் வீட்டில் ஐரிஷ் பேசி வளர்ந்தவர்கள் இன்றும் தத்தம் ஊர் வழக்கையே பேசுகிறார்கள்.

நலம் விசாரிப்பதற்கே மூன்று தொடர்கள். மன்ஸ்டரில் 'கொனஸ் அதா தூ'. கொனாக்டில் 'கேன் ஹீ அ வில் தூ'. அல்ஸ்டரில் 'கஜே மர் அதா தூ'. பெண்பிள்ளையைக் குறிக்கும் 'கலீன்' என்ற சொல்லுக்கு மன்ஸ்டரில் இரண்டாம் அசையில் அழுத்தம். கொனாக்டில் முதல் அசையில் அழுத்தம். அல்ஸ்டரில் அழுத்தம் முதல் அசையில் இருக்க, பின்னுள்ள நெடிலும் குறுகிவிடும்.

ஆகவே ஓர் ஒலிப்பை எழுதி அனுப்பும்போது எந்த வட்டாரத்தது என்று ஒரு சொல் சேர்த்துவிடுவது நல்லது. குழுவில் இருவர் வெவ்வேறு விடை தந்தால், ஒருவர் பிழை என்று முடிவு கட்டத் தேவையில்லை. மட்டக்களப்பாரும் யாழ்ப்பாணத்தாரும் ஒரே சொல்லை வேறுவிதமாகச் சொல்வது போலத்தான். பிள்ளையின் ஆசிரியர் எந்த வழக்கைக் கற்பிக்கிறார் என்று கேட்டு, அதையே பின்பற்றுவது பிள்ளைக்கு இலகு.

ஒலிக்குறிகள் வந்த கதை

உலக மொழிகளின் ஒலிகளை ஒரே முறையில் எழுதுவதற்காக உருவானது அனைத்துலக ஒலிப்பெழுத்து. ஐ.பி.ஏ. என்பது அதன் சுருக்கப் பெயர். அதை உருவாக்கிய சங்கம் 1886 இல் பாரிசில் தொடங்கியது. தொடங்கியவர்கள் மொழியாசிரியர்கள். வகுப்பறையில் பிள்ளைகளுக்கு வேற்றுமொழி உச்சரிப்பைக் கற்பிப்பதே அவர்களின் நோக்கமாக இருந்தது. நமது வட்ஸ்அப் கேள்வியும் அதே கேள்விதான். முதல் எழுத்துத் தொகுதி 1888 இல் வெளியானது. அதன் பின் பல தடவை திருத்தப்பட்டிருக்கிறது.

ஐரிஷ் வட்டார வழக்குகளை ஆராய்ந்தவர்கள் தங்களுக்கென ஒரு வழக்கத்தையும் வைத்திருந்தார்கள். மேற்கு மஸ்கெரி வழக்கைப் பற்றி பிரையன் ஓ கீவ் 1944 இலும், கோயிஷ் ஃபாரிகெ வழக்கைப் பற்றி தொமாஸ் த வால்ட்ரஹ 1945 இலும் வெளியிட்ட நூல்களில், ஒடுங்கிய மெய்யின் பின்னால் ஒரு சிறு மேற்கோட்டை இடுவார்கள். அகன்ற மெய்யைக் குறியின்றி விடுவார்கள். எளிய முறை. தட்டச்சுப் பொறியிலும் முடிந்தது. இன்றும் ஐரிஷ் பற்றிய எழுத்துகளில் அதைக் காணலாம்.

கணினி வந்தபோது சிக்கல் தொடங்கியது. தொடக்கத்தில் பரவிய ஆஸ்கி எனும் குறிமுறையில் 128 இடங்கள்தான். அதில் அச்சிடத்தக்கவை 95. ஐ.பி.ஏ. குறிகளுக்கும் இடமில்லை, ஐரிஷ் உயிர்களின் மேலிடும் நெடிற்கோட்டுக்கும் இடமில்லை. தமிழுக்கும் இல்லை என்பது நமக்கு நன்றாகவே தெரியும். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி மின்னஞ்சல் அனுப்பிய காலமும், அனுப்பியவரிடம் உள்ள எழுத்துரு பெறுபவரிடம் இல்லாவிட்டால் கடிதம் முழுவதும் கிறுக்கலாகத் தெரிந்த காலமும் நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஐரிஷ்காரர் அப்போது நெடிலைக் காட்ட உயிரெழுத்தின் பின்னால் ஒரு சாய்கோடு இட்டார்கள்.

ஒலிக்குறிகளுக்கும் இப்படியான மாற்றுவழிகள் பிறந்தன. 1980களின் இறுதியில் ஐரோப்பியத் திட்டமொன்றின் கீழ், விசைப்பலகையில் உள்ள எழுத்துகளையே பயன்படுத்தும் சாம்பா என்ற முறை உருவானது. 1995 இல் லண்டன் யூனிவர்சிற்றி கொலிஜைச் சேர்ந்த ஒலியியல் அறிஞர் ஜோன் வெல்ஸ் அதை ஐ.பி.ஏ. முழுவதற்கும் விரித்து எக்ஸ்-சாம்பா ஆக்கினார். எந்தக் கைப்பேசியிலும் எந்தக் கணினியிலும் எழுத்துரு தேடாமல் தட்டலாம் என்பது அதன் பலம்.

1991 இல் வெளியான யுனிகோட் இந்த நிலையை மாற்றியது. தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி கிடைத்த அதே ஏற்பாட்டில், ஒலிக்குறிகளுக்கும் 0250 என்ற எண்ணில் தொடங்கி 96 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி கிடைத்தது. துணைக் குறிகள் வேறு தொகுதிகளில் உள்ளன.

தெரிந்திருந்தால் போதுமான குறிகள்

ஐரிஷுக்கு முழு ஐ.பி.ஏ. அட்டவணையும் தேவையில்லை. கீழுள்ளவை பெரும்பாலான சொற்களுக்குப் போதும். முதலில் ஐ.பி.ஏ. வடிவம், அடுத்து எக்ஸ்-சாம்பாவில் தட்டுவது, பின்னர் ஒலி.

- தலைகீழாகப் புரட்டிய சிறிய ஈ. எக்ஸ்-சாம்பாவில் மின்னஞ்சல் முகவரியில் வரும் @ குறி. அழுத்தம் இல்லாத அசையின் மங்கிய 'அ'. 'ஈஃபா' என்று நாம் எழுதும் பெயரின் இறுதி உயிர் உண்மையில் இதுதான்.
- மேலும் கீழுமாக இரு சிறு முக்கோணங்கள். எக்ஸ்-சாம்பாவில் முக்காற்புள்ளி. முன்னுள்ள உயிர் நெடில் என்பதைக் காட்டும்.
- நீட்டி இழுத்த எஸ். எக்ஸ்-சாம்பாவில் பெரிய எஸ். ஒடுங்கிய எஸ், அதாவது 'ஷ்'.
- சிறிய எக்ஸ். இரண்டிலும் அதுவே. அகன்ற சி-எச். ஆய்தத்தைத் தொண்டையில் அழுத்தி உரசியது போன்ற ஒலி.
- கீழே வால் வைத்த சி. எக்ஸ்-சாம்பாவில் பெரிய சி. ஒடுங்கிய சி-எச். 'ஹ்ய்' என்பதற்கு அண்மையானது.
- கிரேக்கக் காமா. எக்ஸ்-சாம்பாவில் பெரிய ஜி. அகன்ற ஜி-எச், டி-எச். 'மகன்' என்பதன் க-வை இன்னும் உரசிச் சொன்னால் கிடைப்பது.
- வால் வளைந்த என். எக்ஸ்-சாம்பாவில் பெரிய என். நமது ங்.
- மெய்யின் வலது மேல்மூலையில் சிறிய ஜே. எக்ஸ்-சாம்பாவில் ஒற்றை மேற்கோள்குறி. ஒடுங்கிய மெய்.
- அதே மூலையில் சிறிய காமா. எக்ஸ்-சாம்பாவில் அடிக்கோடும் பெரிய ஜி-யும். அகன்ற மெய்.
- எழுத்தின் கீழே பல் போன்ற சிறு வளைவு. எக்ஸ்-சாம்பாவில் அடிக்கோடும் சிறிய டி-யும். நாக்கு பல்லைத் தொடும் ஒலி.
- அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு நிலைக்கோடு. எக்ஸ்-சாம்பாவில் இரட்டை மேற்கோள்குறி. அடுத்த அசையில் அழுத்தம்.

பசுவை எக்ஸ்-சாம்பாவில் எழுதுவதென்றால்: பி, அடிக்கோடு, பெரிய ஜி, ஓ, முக்காற்புள்ளி. உயிரோடு இருத்தலை எழுதுவதென்றால்: பி, ஒற்றை மேற்கோள்குறி, ஓ, முக்காற்புள்ளி. அகன்ற மெய்யைக் குறியின்றி விடும் பழைய வழக்கத்தைப் பின்பற்றினால் முதலாவது இன்னும் சுருங்கும். குழுவில் எந்த வழக்கம் என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும்.

ஒலிப்பைச் சாய்கோடுகளுக்கு நடுவே எழுதினால், மொழியில் பொருள் வேறுபடுத்தும் ஒலிகளை மட்டும் காட்டுகிறோம் என்று பொருள். சதுர அடைப்புக்குறிக்குள் எழுதினால், வாயில் வந்த ஒலியை நுணுக்கமாகக் காட்டுகிறோம் என்று பொருள். வீட்டுப் பாடத்துக்குச் சாய்கோடே போதும்.

தட்டும் வழிகள்

முதலில் நெடிற்கோடு. ஐரிஷில் அதன் பெயர் 'ஷீனெ ஃபாதா'. கைப்பேசியில் உயிரெழுத்தை அழுத்திப் பிடித்தால் கோடிட்ட வடிவம் வரும். விண்டோஸ் கணினியில் பிரித்தானிய அல்லது ஐரிஷ் விசைப்பலகை அமைப்பில் வலப்பக்க ஆல்ட் விசையோடு உயிரெழுத்தைத் தட்டினால் போதும். இந்தக் கோடு அலங்காரம் அல்ல. ஷோன் என்ற ஆண்பெயரில் கோட்டை விட்டால் அது 'பழைய' என்ற சொல்லாகிவிடும். மனிதனைக் குறிக்கும் சொல்லுக்கும் புல்லைக் குறிக்கும் சொல்லுக்கும் எழுத்தில் உள்ள வேறுபாடும் இந்த ஒரு கோடுதான். நமக்கு இது குறில் நெடில் வேறுபாடு. 'கல்' என்பதும் 'கால்' என்பதும் ஒன்றாகுமா? பெயர்களைச் சரியான கோட்டுடன் பதியும் கடப்பாட்டை 2021 இல் திருத்தப்பட்ட அதிகாரபூர்வ மொழிகள் சட்டம் அரச நிறுவனங்கள்மீது வைத்திருக்கிறது.

ஐ.பி.ஏ. குறிகளைத் தட்டப் பல வழிகள் உண்டு. இணையத்தில் உள்ள ஐ.பி.ஏ. தட்டுப்பலகைகளில் குறியைச் சொடுக்கிப் பிரதி எடுத்துச் செய்தியில் ஒட்டலாம். எப்போதாவது ஒரு சொல் அனுப்புவோருக்கு இதுவே இலகு. விண்டோஸில் மைக்ரோசொஃப்ற் வேர்ட்டில் எழுதுவோர் குறியின் எண்ணைத் தட்டி, ஆல்ட் விசையோடு எக்ஸ் விசையை அழுத்தலாம். 0259 தலைகீழ் ஈ ஆகும். 0283 நீட்டிய எஸ் ஆகும். 0263 காமா ஆகும்.

அடிக்கடி எழுதுவோருக்கு கீமேன் என்ற இலவச மென்பொருள் பயன்படும். நம்மில் பலர் தமிழ் தட்டப் பயன்படுத்திய எ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் இந்தக் கீமேனின் மேல்தான் இயங்கின. அதில் ஐ.பி.ஏ. விசைப்பலகையைச் சேர்த்துக்கொண்டால், ஈ-யைத் தட்டிச் சமக்குறியைத் தட்டியதும் தலைகீழ் ஈ வரும். 'அம்மா' என்பதை ஆங்கில விசையில் தட்டிப் பழகிய விரலுக்கு இது ஒருநாள் பயிற்சிதான்.

அனுப்பும் வழியில் கெடுபவை

செய்திச் செயலிகள் நாம் தட்டியதை அப்படியே கொண்டுபோவதில்லை. சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

எக்ஸ்-சாம்பாவில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு ஒலிகள். சிறிய எஸ் 'ஸ்', பெரிய எஸ் 'ஷ்'. வாக்கியத்தின் முதலெழுத்தைக் கைப்பேசி தானாகப் பெரிதாக்கினால் ஒலியே மாறிவிடும். தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிட்டுத் தட்டுவது பாதுகாப்பு.

வட்ஸ்அப்பில் இரண்டு அடிக்கோடுகளுக்கு நடுவே உள்ளது சாய்வெழுத்தாகி, கோடுகள் மறைந்துவிடக்கூடும். உடுக்குறிகளுக்கு நடுவே உள்ளது தடித்த எழுத்தாகும். அடிக்கோடு நிறைந்த எக்ஸ்-சாம்பாவுக்கு இது ஆபத்து. முக்காற்புள்ளியும் அடைப்புக்குறியும் அடுத்தடுத்து வந்தால் சில செயலிகள் சிரிக்கும் முகமாக்கிவிடும். நேரான மேற்கோள்குறியை வளைந்த குறியாக மாற்றும் செயலிகளும் உண்டு.

யுனிகோட் குறிகளில் வேறுவகைத் தொல்லை. பெறுபவரின் கருவியில் அந்தக் குறி உள்ள எழுத்துரு இல்லாவிட்டால் வெற்றுக் கட்டம் தெரியும். டூலோஸ், சாரிஸ், ஜென்ரியம் ஆகிய இலவச எழுத்துருக்கள் ஐ.பி.ஏ.-யை நன்றாகக் காட்டும். மேலும், கோடிட்ட உயிரை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், உயிரும் கோடும் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடும்போது சில மென்பொருள்களுக்கு வேறு. தமிழில் 'கொ'-வின் கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டு எழுதும்போது எழும் அதே சிக்கல்.

தமிழ் எழுத்தால் எவ்வளவு முடியும்?

தமிழ் எழுத்தில் எழுதி அனுப்புவது பிழையல்ல. சில இடங்களில் அது ஆங்கில எழுத்தைவிட நெருக்கமானது. ஐரிஷின் அகன்ற ரி பல்லைத் தொடும் ஒலி. 'இருக்கிறது' என்று பொருள்படும் சொல்லை ஆங்கிலம் மட்டும் அறிந்தவர் 'டா' என்பார். நமது 'தா' அதற்கு மிக அண்மையானது. ங், ஷ் இரண்டும் நம் கையில் உள்ளன. குறிலும் நெடிலும் எழுத்திலேயே பிரிந்து நிற்கின்றன.

முடியாதவையும் உண்டு. பி-யும் பீ-ஒலியும் எனக் குரலொலி வேறுபாடு தமிழ் எழுத்தில் இல்லை. படகுக்கான சொல்லை 'பாத்' என்று எழுதினால் முதலொலி எது, இறுதி ஒலி எது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அகன்ற மெய்யையும் ஒடுங்கிய மெய்யையும் பிரிக்க 'ய்' சேர்ப்பதைத் தவிர வழியில்லை. அதைப் பிள்ளை தனி அசையாக வாசித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. தொண்டை உரசொலிக்கு எழுத்தே இல்லை.

ஆகவே வீட்டுக்கு உகந்த முறை இது: விரைவான விடைக்குத் தமிழ் எழுத்து. அதில் தெளிவாகாத இடத்துக்கு ஓரிரண்டு எக்ஸ்-சாம்பா குறிகள். பிள்ளை பாடமாக்க வேண்டிய சொல்லுக்கு ஒலிப்பதிவு. தீங்லன் என்ற இணைய அகராதித் தளத்தில் மூன்று வட்டார வழக்குகளிலும் சொற்களின் ஒலிப்பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. டப்ளின் திரினிற்றி கல்லூரியில் உருவான அபர் என்ற தளத்தில் ஒரு வாக்கியத்தைத் தட்டினால் கணினி அதை ஐரிஷில் வாசித்துக் காட்டும்.

ஒலிப்பதிவு இருக்கும்போது குறிகள் எதற்கு என்று கேட்கலாம். ஒலியைக் கேட்கும் பிள்ளை, தனக்குப் பழகிய ஒலியாகவே அதைக் கேட்கும். இரண்டு பி-களும் ஒன்றுபோலத் தோன்றும். இங்கே நாவை எழுப்பு, இங்கே பல்லைத் தொடு என்று சுட்டிக்காட்டுவது குறி. கேட்டதையும் குறியையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போதுதான் வேறுபாடு பிடிபடும்.

இதே குறிகள் நமது பேச்சுக்கும் உதவும். யாழ்ப்பாணத்தில் 'காற்று' என்னும்போது வரும் ற்ற் ஒலி பல்லையும் தொடாது, நாவை மடித்தும் பிறக்காது. இரண்டுக்கும் இடையே, பல்லின் மேலுள்ள ஈற்றில் பிறக்கும். தமிழ்நாட்டுப் பேச்சில் அது பெரும்பாலும் 'காத்து' ஆகிவிட்டது. ஐ.பி.ஏ.-யில் வெறும் ரி எழுதினால் அது நமது ற்ற். கீழே பல் வளைவு இட்டால் த்த். வால் நீட்டினால் ட்ட். அயர்லாந்தில் வளரும் பிள்ளைக்கு அந்தப் பல் வளைவு ஐரிஷ் பாடத்தில் ஏற்கெனவே பழகியிருக்கும். அம்மம்மா தொலைபேசியில் சொல்லும் ஊர்ச் சொல்லொன்றை, அவர் சொல்கிற ஒலியிலேயே எழுதி வைக்கும்படி அந்தப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். வீட்டில் ஒரு கொப்பி போதும். சொல், பொருள், ஒலிப்பு, சொன்னவர் எந்த ஊர் என்ற நான்கு நிரல்களோடு தொடங்கலாம்.